கையெழுத்திட்டு வைத்த ஆறு படிவங்கள்

புதூர், அம்பத்தூர்,
சென்னை-53.
19-1-1997, ஞாயிறு

அன்பு மகள் தாட்சாயிணிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். நாக்பூரில் இந்த மாதம் குளிர் அதிகம் என்று பேப்பரில் பார்த்தேன். ஹாஸ்டலில் காலையில் வெந்நீர் கொடுக்கிறார்களா என்று எழுதவும். பொங்கலுக்கு நீ அனுப்பிய ஐந்நூறு ரூபாய் மணியார்டர் பதின்மூன்றாம் தேதியே கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு ஒரு நூல் புடவையும் பிள்ளைகளுக்குத் துணியும் எடுத்தது போக மீதி வீட்டுச் செலவுக்கு உதவியது. அம்மாவின் முழங்கால் வலி குறையவில்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பஸ் நிறுத்தம் வரை நடந்துவிட்டு வந்தால் இரண்டு நாள் படுத்துக்கொள்கிறாள்.

உன் தம்பி மனோகரன் வீட்டின் மேல் மாடி எழுப்ப ஏற்பாடு செய்திருக்கிறான். மேஸ்திரி வந்து அளந்துவிட்டுப் போனார். ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் ஆகும் என்கிறார். மனோகரன் தன் கம்பெனி சொசைட்டியில் ஐம்பதாயிரம் கடன் போட்டிருக்கிறான். தன் பெண்டாட்டி கஸ்தூரியின் நகைகளின் மேல் நாற்பதாயிரம் கிடைக்கும் என்கிறான். அதற்கு மேல் அறுபதாயிரம் குறைகிறது.

உன் பெயரில் தபால் ஆபீஸ் தேசிய சேமிப்புத் திட்டக் கணக்கில் இன்றைய தேதிக்கு வட்டியோடு அறுபத்து நாலாயிரம் இருக்கிறது. பாஸ்புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. அதை இந்தச் சமயத்தில் கொடுத்து உதவினால் மாடி முடிந்துவிடும் என்று மனோகரன் உனக்கு எழுதச் சொன்னான். மாடியில் உனக்கென்று ஓர் அறை கட்டுவதாகவும், நீ வேலையை விட்டு வந்த பிறகு நிம்மதியாக அதில் இருக்கலாம் என்றும் சொல்கிறான். உன் விருப்பம் எதுவோ அதன்படி செய்யலாம். யோசித்துப் பதில் போடவும். மற்றவை உன் கடிதம் கண்டு.

இப்படிக்கு,
உன் அப்பா
உலகநாதன்

*

புதூர், அம்பத்தூர்,
சென்னை-53.
9-2-1997, ஞாயிறு

தாட்சாயிணிக்கு,

நீ மனோகரனுக்கு எழுதிய கடிதம் புதன்கிழமை வந்தது. கஸ்தூரி அதைச் சமையலறையில் நின்று அம்மாவுக்காக உரக்கப் படித்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்டேன். ‘நீ கேட்கிறபடி எல்லாவற்றையும் கொடுத்துவிடும்படி அப்பாவிடம் சொல். எனக்கு எதற்கு இவ்வளவு பணம்?’ என்று எழுதியிருக்கிறாய்.

எனக்கு உன் மேல் கோபம் வந்திருக்கிறது. இதை எழுதவே கை தயங்குகிறது. முப்பத்து நாலு வருஷம் கம்பெனியின் டைம் ஆபீஸில் வருகைக் கணக்கு எழுதும் வேலை பார்த்தேன். யாருக்கும் கோபமாக ஒரு வரி எழுதியவன் இல்லை. இந்தக் கடிதத்தைப் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் இரண்டு முறை எழுதிப் பார்த்து, மூன்றாம் முறை நல்ல தாளில் எழுதுகிறேன். இரண்டு முறை எழுதியும் கோபம் குறையவில்லை. ஆகவே அது நியாயமான கோபமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். தவறாக இருந்தால் மன்னித்துக்கொள். ஆனால் கடைசி வரை படி.

முதலில் என் போன கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை நான் எழுதும்போது மனோகரன் என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வெந்நீர் பற்றிக் கேட்டது மட்டும் என் சொந்தம். அவன் சொன்னதை என் கையெழுத்தில், என் பெயரைப் போட்டு, நானே நினைத்து எழுதுவதுபோல் உனக்கு அனுப்பினேன். அதைப் பார்த்துத்தான் நீ சரி என்று எழுதியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். அந்த அளவுக்கு இந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு.

உனக்கென்று ஓர் அறை என்று எழுதியிருந்தேன். மேஸ்திரி கொண்டுவந்த பிளானை அதற்கு மறுநாள்தான் விரித்துப் பார்த்தேன். மாடியில் இரண்டு போர்ஷன். ஒவ்வொன்றுக்கும் தனிச் சமையலறை, தனிக் குளியலறை, தனி மீட்டர். படிக்கட்டு முடிகிற இடத்தில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, ஆறடிக்கு ஏழடி ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ‘ஸ்டோர்’ என்று எழுதியிருக்கிறது. அக்காவின் அறை எது என்று கேட்டேன். மனோகரன் அந்தக் கட்டத்தில் விரலை வைத்தான். இதில் ஒரு கட்டில் போட்டால் கதவைத் திறக்க முடியாதே என்றேன். “அக்கா வர்றதே வருசத்துக்குப் பத்து நாளு. அதுக்கு இன்னாத்துக்கு நைனா தனி ரூமு? ஹால்ல பாய் போட்டுப் படுத்துக்காதா?” என்றான். கஸ்தூரி, “மாமா ஸ்கேல எட்டுத்துகினு வந்து அளப்பாரு பாரேன்” என்று சிரித்தாள். நான் உண்மையில் அளந்துவிட்டுத்தான் கேட்டேன்.

இரண்டு போர்ஷனுக்கும் ஆள் பேசியாகிவிட்டது. எஸ்டேட்டில் வேலை செய்யும் குடும்பங்கள். ஒரு போர்ஷனுக்கு மாதம் தொள்ளாயிரம் வாடகை. கடன் அடைந்த பிறகு மாதம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய், மனோகரன் எந்த வேலையும் செய்யாமல் அவன் கைக்கு வரும். அதற்கு என்ன பெயர் தெரியுமா? அதற்குப் பெயர்தான் பென்ஷன். முப்பத்தைந்து வயதில் அவன் தனக்குப் பென்ஷன் ஏற்பாடு செய்துகொள்கிறான். அதில் எனக்கு வருத்தமில்லை; புத்திசாலித்தனமான காரியம். ஆனால் முப்பத்தொன்பது வயதாகும் உன் பணத்தில் செய்துகொள்கிறான். நீயோ ‘எனக்கு எதற்கு’ என்கிறாய்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. உன் பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. என் கடிதம் உனக்குக் கிடைத்ததோ இல்லையோ, இருபத்து நாலாம் தேதி வெள்ளிக்கிழமையே என்னைத் தபால் ஆபீசுக்கு அழைத்துக்கொண்டு போனான்.

அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன் அந்த ஆறு படிவங்களை உனக்கு நினைவுபடுத்த வேண்டும். தொண்ணூற்று மூன்று ஜூனில் உன்னை நாக்பூர் கிளைக்கு மாற்றினார்கள். நீ ரயில் ஏறுவதற்கு முந்தின நாள், பணம் எடுக்கும் படிவம் ஆறு வாங்கி வந்து உன் முன்னால் வைத்தேன். நீ சூட்கேஸில் புடவை அடுக்கிக்கொண்டிருந்தாய். எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டாய். பென்சிலால் சிறிய பெருக்கல் குறி போட்டுக் காட்டினேன். தொகையோ தேதியோ இல்லாத ஆறு படிவங்களில் ஆறு கையெழுத்துப் போட்டுவிட்டு நீ புடவை அடுக்கப் போய்விட்டாய். திடீரென்று ஒரு ஆபத்து என்றால் உனக்கு எழுதிப் பதில் வர ஒரு வாரம் ஆகும், அதற்காகத்தான் என்று நினைத்தேன். வேலைக்குப் போகிற பெண் ஊர் மாறினால் இப்படிச் செய்து வைப்பது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. உறையின் மேல் ‘அவசரத்துக்கு மட்டும்’ என்று எழுதி, பாஸ்புத்தகத்தோடு பீரோவில் வைத்தேன். இருநூறு பேரின் பிராவிடண்டு ஃபண்டு படிவங்களைச் சரிபார்த்தவன், வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதே என்று ஒவ்வொரு தொழிலாளியிடமும் சொன்னவன், என் மகளிடம் ஆறு வாங்கினேன்.

அதில் முதல் படிவம் தொண்ணூற்று நாலில் போயிற்று. பதினைந்தாயிரம். அவசரம் என்னவென்றால் மனோகரனுக்கு ஸ்கூட்டர். இரண்டாவது அடுத்த வருஷம். பன்னிரண்டாயிரம். தண்ணீருக்குப் போர் போட்டு, குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். இரண்டு முறையும் எடுத்த பிறகுதான் உனக்கு எழுதினேன். நீயும் ‘பரவாயில்லை அப்பா’ என்று எழுதினாய்.

பரவாயில்லை என்று எழுதினாயே, அந்த இரண்டு வருஷமும் உன் வருமான வரி ஏன் ஏறியது என்று நீ கேட்கவில்லை. உனக்கு ரிட்டர்ன் எழுதுகிறவன் நான், நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இந்தத் திட்டத்தில் பணம் போடுகிற வருஷம், போட்ட தொகையை உன் வருமானத்திலிருந்து கழித்துவிடுவார்கள். அதற்கு வரி கிடையாது. அதனால்தான் எண்பத்தேழிலிருந்து ஐந்து வருஷம், ஓவர்டைம் பணத்தையெல்லாம் இதில் போடு என்று உன்னை நச்சரித்தேன். ஆனால் எடுக்கிற வருஷம், எடுத்த தொகை வட்டியோடு அந்த வருஷத்து வருமானமாகச் சேர்ந்துவிடும். யார் பெயரில் கணக்கோ அவர் வருமானம். ஆக, ஸ்கூட்டரில் அவன் போனான், வரியை நீ கட்டினாய். டைல்ஸ் தரையில் அவர்கள் குளித்தார்கள், வரியை நீ கட்டினாய். அதை உன் வருமானம் என்று அழகான கையெழுத்தில் எழுதியவன் நான்.

மனோகரனுக்கு இதை விளக்கிச் சொன்னேன். உன் சம்பளம் வருஷத்துக்கு எழுபத்து நாலாயிரத்து நானூறு. சம்பளக்காரர்களுக்கு உள்ள கழிவு போனால் ஐம்பத்தொன்பதாயிரத்து நானூறு. அறுபதாயிரத்தைத் தாண்டினால் நூற்றுக்கு முப்பது வரி. நீ அந்த வேலிக்கு அறுநூறு ரூபாய் இந்தப் பக்கம் நிற்கிறாய். அறுபத்து நாலாயிரத்தையும் ஒரே வருஷத்தில் எடுத்தால் ஏறக்குறைய இருபதாயிரம் அரசாங்கத்துக்குப் போகும். மூன்று முறை போட்டுப் பார்த்தேன், அதே விடைதான். “அத்த அக்கா ஆபீஸ்ல புட்ச்சுக்குவாங்க நைனா, நீ ஏன் பேஜாராவற?” என்றான். உன் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதைத்தான் நானும் சொன்னேன். அவனுக்கு அது ஆறுதலாக இருந்தது.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். காலையில் நான் சவரம் செய்துகொண்டிருக்கும்போது அவன் பீரோவைத் திறந்து பாஸ்புத்தகத்தையும் மூன்றாவது படிவத்தையும் எடுத்திருக்கிறான். தொகையும் தேதியும் அவனே எழுதிவிட்டான். உனக்குப் பதிலாகப் பணம் வாங்கிக்கொள்ளும் ஆள் என்ற இடத்தில் என் பெயர். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். சட்டைப் பையில் ஒரு சீட்டில் நாலு காரணங்கள்கூட எழுதி வைத்திருந்தேன். வழி நெடுக லாரிகள். அவன் காதில் விழாது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

கவுண்டரில் இருந்த அம்மாள் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “பெரியவரே, கையெழுத்து நீல இங்க்கு, மத்ததெல்லாம் கறுப்பு. இத உங்க பொண்ணு இப்பத்தான் போட்டு அனுப்பிச்சாங்களா?” என்று கேட்டார். மனோகரன் என் முதுகில் விரலால் தொட்டான். “ஆமான்னு சொல்லு நைனா” என்று மெதுவாகச் சொன்னான்.

இல்லை என்றேன். மூன்று வருஷத்துக்கு முன் வெற்றுப் படிவத்தில் போட்ட கையெழுத்து, பணம் எடுப்பது அவளுக்கு இன்னும் தெரியாது என்றேன். அந்த அம்மாள் படிவத்தையும் பாஸ்புத்தகத்தையும் என் பக்கம் தள்ளினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நான் தைரியமாகப் பேசிவிட்டேன் என்று நினைக்காதே. கவுண்டருக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் பொய் சொல்லப் பயந்தேன், அவ்வளவுதான். மனோகரன் மேல் உள்ள பயத்தைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்தது. உனக்காக அதைச் செய்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அது உண்மையில்லை. கோபம் பிறகுதான் வந்தது. வெளியே வந்ததும் வந்தது.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று அவன் கத்தினான். “இன்னா நைனா நீ? ஒரு ஆமா சொன்னா நாக்கு தேஞ்சா பூடும்? சொந்தப் புள்ளைய திருடன் மாரி நிக்க வெச்சிட்டியே.” யாரோ ஒருவர் சைக்கிளை எடுக்காமல் நின்று வேடிக்கை பார்த்தார். “அக்காவுக்கு இன்னா, புள்ளையா குட்டியா? நாளைக்கு வயசாச்சின்னா அதுக்கு நாந்தானே கஞ்சி ஊத்தணும்? இப்பக் குடுத்தா இன்னா, அப்பாலக் குடுத்தா இன்னா?” என்றான். பிறகு என்னை அங்கேயே விட்டுவிட்டு ஸ்கூட்டரில் போய்விட்டான். உன் ஸ்கூட்டரில். நான் நடந்து வந்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் கஞ்சியைப் பற்றித்தான் யோசித்தேன்.

அந்தக் கஞ்சி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், தாட்சாயிணி. எட்டு வருஷமாகக் குடிக்கிறேன். உனக்கு இதுவரை எழுதியதில்லை.

எங்கள் கம்பெனியில் பென்ஷன் கிடையாது. ரிடையரானபோது பிராவிடண்டு ஃபண்டும் கிராஜுவிட்டியும் சேர்த்து ஒரே செக்காகக் கொடுத்தார்கள். அந்த செக்கில்தான் இந்தக் கீழ் வீடு இருக்கிறது. மிச்சம் மனோகரன் கல்யாணம். பிள்ளை இருக்கிறான், நமக்கு எதற்கு என்று நானும்தான் நினைத்தேன். இன்று சவரத்துக்கு மூன்று ரூபாய் பிளேடு வாங்க வேண்டுமானால் கஸ்தூரியிடம் கேட்க வேண்டும். அவள் கெட்டவள் இல்லை, கொடுத்துவிடுவாள். “போன வாரந்தானே மாமா வாங்கினீங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுப்பாள். மத்தியானம் மின்விசிறியைப் போட்டால் கரண்ட் பில் பற்றி யாராவது யாரிடமோ பேசுவார்கள். நான் எழுந்து நிறுத்திவிடுவேன். மாதத்தில் பாதி நாள் பேப்பரை உஸ்மான் கனியின் கடையில் போய்ப் படிக்கிறேன். எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்த்தாரே, இப்போது பூந்தமல்லியில் பூட்டு, தாழ்ப்பாள் கடை வைத்திருக்கிறார், அவர்தான். பஸ்ஸுக்குக் காசு இருக்கிற நாளில்தான் அங்கேயும் போக முடியும். தானே கட்டிய வீட்டில், பெற்ற அப்பனுக்கு, அதுவும் ஆம்பிளைக்கு, இந்த நிலைமை. தம்பி வீட்டில் கல்யாணமாகாத அக்காவுக்கு என்ன நிலைமை இருக்கும் என்று நான் கணக்குப் போட வேண்டியதில்லை.

உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். சொர்ணம் அரிசி புடைத்துக்கொண்டே, “பொம்பளப் புள்ள அத்தினி பணத்த வெச்சிகினு இன்னா செய்யப் போவுது? தம்பி மாடி கட்டினா அதுக்கும் பெருமதானே” என்றாள். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்குக் காப்பி ஆறிப்போய்த்தான் வருகிறது. மனோகரன் என்னோடு பேசுவதில்லை. பதினாறு நாள் ஆகிறது. எனக்கு அதில் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோபம் அதைவிட அதிகமாக இருக்கிறது, அது எனக்கே புதிதாக இருக்கிறது.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கவனமாகப் படி.

ஆயுள் காப்பீட்டுக் கழகம் போன வருஷம் ஒரு பென்ஷன் திட்டம் கொண்டுவந்திருக்கிறது. அதில் வருஷத்துக்குப் பத்தாயிரம் வரை கட்டினால், கட்டிய தொகையை வருமானத்திலிருந்து முழுவதும் கழித்துக்கொள்ளலாம் என்று இந்த வருஷத்திலிருந்து சட்டம் வந்திருக்கிறது. நீ தபால் ஆபீஸ் கணக்கிலிருந்து வருஷத்துக்குப் பத்தாயிரம் மட்டும் எடு. அது உன் வருமானத்தில் கூடும். அதே பத்தாயிரத்தை அதே வருஷம் இந்தப் பென்ஷனில் கட்டு. அது உன் வருமானத்திலிருந்து கழியும். கூடினதும் கழிந்ததும் சமம்; ஒரு காசு வரி இல்லை. மிச்சம் தபால் ஆபீஸில் வட்டியோடு இருக்கும். இப்படி வருஷா வருஷம் செய்தால், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் உன் சேமிப்பு முழுவதும் வரி கொடுக்காமல் பென்ஷனுக்கு இடம் மாறிவிடும். பணம் எடுக்கும்போது அவர்கள் நூற்றுக்கு இருபது முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள். அந்த இரண்டாயிரத்தை உன் கையிலிருந்து போட்டுப் பத்தாயிரமாகக் கட்டிவிடு. ரிட்டர்ன் போட்டு அதை நான் திரும்ப வாங்கித் தருகிறேன்.

பென்ஷன் வரும்போது அதற்கு வரி உண்டு. ஆனால் அன்றைக்கு உனக்குச் சம்பளம் இருக்காது, வரி வரம்புக்குள் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். சட்டம் மாறலாம். நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கவும் கூடும். அதனால் உஸ்மான் கனியின் கடைக் கணக்குகளைப் பார்க்கும் ஆடிட்டரிடம் தாளைக் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, “சார், எங்க ஆபீஸ்ல வேலைக்கு வர்றீங்களா?” என்று கேட்டார். கேலியாகவும் இருக்கலாம். சரி என்றுதான் சொன்னார்.

உன் பிராவிடண்டு ஃபண்டில் புதிதாக ஒரு பென்ஷன் வந்திருக்கிறதே, அது போதாதா என்று நீ கேட்பாய். அதையும் போட்டுப் பார்த்தேன். அந்தத் தொகையில் நீ ஓர் அறைக்கு வாடகை கொடுக்கலாம். அறைக்குள் உட்கார்ந்து சாப்பிட முடியாது. இரண்டும் சேர்ந்தால் முடியும். யாருடைய ஹாலிலும் பாய் போடாமல் முடியும்.

இன்னொரு காரியம் எழுத வேண்டும். முதல் இரண்டு பிரதிகளில் இதை எழுதவில்லை. எண்பத்து நாலில் மாங்காட்டிலிருந்து உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்களே, அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஜாதகம் சரியில்லை என்று உன்னிடம் சொன்னோம். ஜாதகம் சரியாகத்தான் இருந்தது. மனோகரன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்திருந்தான், என் சம்பளம் போதவில்லை. ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்று அவர்களிடம் சொல்லி அனுப்பினேன். அவர்கள் காத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் ஏதோ ஒரு காரணம் சொன்னேன். உன் சம்பளம் வந்துகொண்டிருந்தது. இதற்கு என்னால் எந்தப் படிவமும் நிரப்பிச் சரிசெய்ய முடியாது. நீ என் மேல் கோபப்பட வேண்டும். இத்தனை வருஷம் கோபப்படாமல் மணியார்டர் அனுப்பிக்கொண்டிருக்கிறாயே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இத்துடன் பதிவுத் தபாலில் உன் பாஸ்புத்தகம் இருக்கிறது. கணக்கை நாக்பூருக்கு மாற்றும் விண்ணப்பமும் இருக்கிறது. உன் கையெழுத்து வேண்டிய இடத்தை நான் குறித்துக் காட்டவில்லை. முழுவதும் படித்துவிட்டுப் போடு. மீதியிருந்த நான்கு படிவங்களையும் குறுக்கே கோடு போட்டு, ‘ரத்து’ என்று எழுதி வைத்திருக்கிறேன். நான்கு இருக்கிறதா என்று சரிபார்த்துக் கிழித்துவிடு. பென்ஷன் விண்ணப்பமும் இருக்கிறது. வாரிசு என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். என் பெயரை எழுதாதே. மார்ச் முப்பத்தொன்றுக்குள் முதல் தவணை கட்ட வேண்டும். அதற்குள் கணக்கு மாறி வராவிட்டால், கையில் இருப்பதில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கட்டு. தபால் ஆபீஸ் பணத்தை ஏப்ரலுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

பாஸ்புத்தகம் பீரோவில் இல்லை என்று இன்றோ நாளையோ அவர்களுக்குத் தெரிந்துவிடும். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் தம்பிக்குத்தான் கொடுப்பேன் என்றால், உன் பணம், உன் இஷ்டம். ஆனால் நீயே லீவு போட்டுக்கொண்டு வந்து, அந்த ஆறுக்கு ஏழு கட்டத்தைப் பார்த்துவிட்டு, உன் கையால் கொடு. என் கையால் முடியாது.

பதில் வந்தால் வீட்டில் பிரித்துவிடுவார்கள், தன் கடைக்கு எழுதச் சொல்லுங்கள் என்று உஸ்மான் கனி விலாசத்தை ஒரு ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தார். அதை இந்தக் கடிதத்தின் தலைப்பில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன், மேலே பார்த்தால் அந்த அடித்தல் தெரியும். வீட்டு விலாசத்துக்கே எழுது. உறையின் மேல் என் பெயரைப் பெரிதாக எழுது. தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

நீ நெடுநாள் இருக்க வேண்டும், மகளே. அத்தனை நாளும் உன் சாப்பாட்டை நீயே வாங்கிச் சாப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
உனக்காக யோசிக்க இத்தனை தாமதம் செய்த அப்பா,
உலகநாதன்